வடக்கே வளர்ந்த வீடு

புளியங்குடியில் எலுமிச்சை மண்டி வைத்திருந்த ஆறுமுகநயினார் உயில் எழுதக் கொடுத்துவிட்டு வந்த அன்று மத்தியானம், சாப்பிட்டுக் கை கழுவி நிமிர்ந்தபோது, அவர் வீட்டில் ஓர் அறை கூடியிருந்தது. அடுப்பங்கரைக்கு வடக்கே, காலைவரை வெறும் சுவராக இருந்த இடத்தில் வெளிர்நீலச் சாயம் பூசிய கதவு ஒன்று, பல வருஷம் அங்கேயே இருந்து பழகியதுபோலக் கீலெல்லாம் லேசாகத் துருப்பிடித்து நின்றது. மனைவி கோமு கதவைப் பார்த்தாள், கதவின் முன்னால் கிடந்த தூசியைப் பார்த்தாள், விளக்குமாற்றை எடுத்து வந்து பெருக்கினாள். நயினார் தள்ளிப் பார்த்தார். பூட்டு இல்லை, தாழ்ப்பாள் இல்லை, ஆனாலும் கதவு அசைந்து கொடுக்கவில்லை. "வீட்டுவரிக்காரன் கண்ணுல படாம இருந்தாச் சரி" என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார்.

அவருக்கு அப்போது அறையைப் பற்றி யோசிக்க நேரமில்லை. மதுரையில் ஒரு டாக்டர் அவருடைய நெஞ்சைத் திறந்து மூன்று இடத்தில் ஒட்டுப்போட வேண்டும் என்று சொல்லி, மாதக் கடைசி வியாழக்கிழமைக்கு நாள் குறித்திருந்தார். தான் இல்லாமல் போனால் சென்னையில் இருக்கிற மூத்தவன் சங்கரனும் கூடவே இருக்கிற இளையவன் குத்தாலிங்கமும் நாலாம் நாளே கயிறு போட்டு வீட்டை அளப்பார்கள் என்பது அவருக்குத் தெரியும். அதற்கு முன்னால் எல்லாவற்றையும் காகிதத்தில் கட்டிப்போட வேண்டும் என்றுதான் பஸ் ஸ்டாண்டு எதிரே மருந்துக்கடை மாடியில் இருக்கும் வக்கீல் பிரேமகலாவிடம் போனார்.

பிரேமகலா எழுதின உயிலை எந்தக் கோர்ட்டும் இதுவரை தள்ளியதில்லை என்று ஊரில் பேச்சு. அதற்குக் காரணம் அந்த அம்மாளின் சட்ட அறிவு என்று படித்தவர்களும், கைராசி என்று மற்றவர்களும் சொன்னார்கள். இரண்டும் இல்லை, பிடிவாதம்தான் காரணம். எழுதி வைக்கிறவருடைய வாயிலிருந்து வராத ஒரு சொல்லைக்கூட அவர் தன் கையால் எழுதமாட்டார். ஊருக்கே தெரிந்த விஷயமாக இருந்தாலும் சரி, தனக்கே தெரிந்திருந்தாலும் சரி, வாய் திறந்து சொன்னால்தான் பேனா நகரும். அதோடு ஒரே கேள்வியை மூன்று தடவை கேட்பார். வந்து உட்கார்ந்ததும் ஒருதரம், டீ குடித்து முடித்ததும் ஒருதரம், கிளம்பி வாசலில் செருப்பு மாட்டும்போது ஒருதரம்.

"எத்தனை பிள்ளைங்க அண்ணாச்சி?"

"ரெண்டு. ரெண்டும் பயலுக."

டீ குடித்து முடித்தார்கள். "வேற யாரும் உண்டா அண்ணாச்சி?"

"இல்ல."

நயினார் வலது காலைச் செருப்புக்குள் நுழைத்தபோது வக்கீலம்மா வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். "கடைசியாக் கேக்கேன். வேற யாரும்?"

"அதான் இல்லன்னுட்டேன்லா" என்றார் நயினார்.

பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் அவருடைய மகள், கல்யாண வீடுகளுக்கு ரேடியோ செட் கட்டுகிறவரின் மகனோடு, வேறு சாதிக்காரப் பையனோடு, வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸில் ஏறிப் போய்விட்டாள். நயினார் சனிக்கிழமை விடியுமுன் குற்றாலத்துக்குப் போய் அருவியில் நின்று, மூன்று தடவை தலைமுழுகி, ஈரவேட்டியோடு வீட்டுக்கு வந்து, ரேஷன் கார்டில் ஒரு பெயரைக் கோடு போட்டு அடித்தார். அன்றைக்கு அடைத்த வாய் அந்தப் பெயருக்கு மட்டும் பிறகு திறக்கவே இல்லை. அவள் எங்கே இருக்கிறாள் என்று அவர் கேட்கவில்லை, சொல்ல வந்தவர்களையும் சொல்ல விடவில்லை. ஊர் இதையெல்லாம் அறியும். பிரேமகலாவும் அறிவார். 'எனக்கு இரண்டு மகன்கள் மட்டுமே வாரிசுகள்' என்று நயினார் சொன்னபடியே எழுதி, வரைவின் அடியில் சம்மதக் கையெழுத்து வாங்கிக்கொண்டார்.

மறுநாள் அறை கூடின செய்தியைக் கேட்ட பிரேமகலா, "அப்ப சொத்து விவரம் மாறுதே" என்று மட்டும் சொல்லி, டேப்பை எடுத்துக்கொண்டு வந்து அளந்தார். திறக்காத அறையின் ஓரமாகப் புதிதாக நீண்டிருந்த நடைகூடத்தை வைத்துக் கணக்குப் போட்டதில் பதினோரு அடிக்குப் பத்து. வடக்கு வீட்டுச் சுடலை தன் இடத்தில் கைவைத்துவிட்டார்களோ என்று பதறி, தானும் ஒரு டேப்போடு வந்து தன் பக்கத்தை அளந்தார். அவருக்கு ஒரு விரற்கடைகூடக் குறையவில்லை, நயினார் வீடு தெருவிலிருந்து பார்த்தால் அதே பழைய நீளம்தான். உள்ளே நடந்தால் மட்டும் பதினோரு அடி கூட நடக்க வேண்டியிருந்தது. சுடலை இரண்டு தடவை உள்ளேயும் வெளியேயும் நடந்து பார்த்துவிட்டு, எனக்கு நஷ்டமில்லை என்றால் சரி என்று போய்விட்டார். புது அறை இளையவனுக்கு என்று சேர்த்து இரண்டாவது வரைவு எழுதி, நயினார் கையெழுத்துப் போட்ட அன்று, அந்த அறையைத் தாண்டி வடக்கே இன்னொரு நீலக் கதவு நின்றது.

இப்படி ஒவ்வொரு வரைவுக்கும் ஒவ்வொரு அறையாக வீடு வடக்கே போய்க்கொண்டிருந்தது, ஊரும் அதற்குத் தக்கபடி தன்னைச் சரிசெய்துகொண்டது. மின்வாரியத்துக்காரர் வந்து ஒவ்வொரு கதவுக்கும் மேலே ஒரு விளக்கு போட்டுக் கொடுத்தார். நகராட்சியிலிருந்து வந்தவர், திறக்காத அறையை அறை என்று கணக்கில் கொள்ளலாமா என்று மேலிடத்துக்குக் கடிதம் எழுதிவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தார். எலுமிச்சை கொண்டுவரும் விவசாயிகள் மூட்டையை இறக்கிவிட்டு, "நேத்துக்கு எத்தனை?" என்று மழையளவைக் கேட்பதுபோலக் கேட்டுத் தெரிந்துகொண்டு போனார்கள். செவ்வாய், வெள்ளியில் பெண்கள் வந்து கதவுகளுக்குக் குங்குமம் வைத்தார்கள், யாருக்காக வைக்கிறோம் என்று ஒருத்தியும் கேட்கவில்லை, ஒருத்திக்கும் தெரியாமலும் இல்லை. சத்தமில்லாமல் இன்னொன்றும் நடந்தது. ஏற்கெனவே உயில் எழுதி முடித்துப் பெட்டியில் வைத்திருந்த பெரிய மனிதர்கள் பலர், ஒருவர் கண்ணில் ஒருவர் படாமல், மருந்துக்கடை மாடிப்படியில் ஏறி, "ஒரு பேரு விட்டுப்போச்சு வக்கீலம்மா" என்று தலையைச் சொறிந்துகொண்டு நின்றார்கள். முதல் தாரத்துப் பிள்ளை, அண்ணன் செத்தபின் தாய்வீட்டுக்கு விரட்டிய மதினி, மனநிலை சரியில்லை என்று எங்கோ கொண்டுபோய் விட்ட தம்பி என்று மறைந்து கிடந்த ஜனங்களெல்லாம் அந்த மாதம் புளியங்குடியில் காகிதத்தில் ஏறினார்கள். அவர்கள் வீட்டுச் சுவர்களில் எதுவும் முளைத்துவிடவில்லை, முளைத்துவிடுமோ என்ற பயம்தான் வேலை செய்தது.

கதவுகளுக்கு அடியிலிருந்து வெளிச்சம் வந்தது. முதல் கதவின் அடியில் எந்நேரமும் விடிகாலை வெளிச்சம்தான், நடுமத்தியானத்திலும் அது மாறவில்லை. கோமு அதன் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்து பார்த்துவிட்டு, சங்கரன்கோவில் ஆஸ்பத்திரியில் பிள்ளையைத் துணியில் சுற்றி மடியில் வைத்தபோது ஜன்னலில் இருந்த வெளிச்சம் இதுதான் என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள், வேறு யாரிடமும் சொல்லவில்லை. மூன்றாவது கதவில் பள்ளிக்கூடம் விடுகிற நேரத்து மஞ்சள் வெயில் இருந்தது. நயினார் அந்தக் கதவைத் தாண்டும்போது மட்டும் நடையை எட்டிப் போட்டார். ஆறாவதற்கு மேல் சத்தங்கள் கேட்கத் தொடங்கின. தையல் மெஷின்கள் வரிசையாக ஓடுகிற சத்தம், யாரோ "ஏனுங், கொஞ்சம் தள்ளி நில்லுங்" என்று சொல்கிற குரல். இந்தப் பக்கத்துப் பேச்சே இல்லையே இது, கோயமுத்தூர்ப் பக்கத்துப் பேச்சல்லவா என்று கதவில் காது வைத்தவர்கள் வியந்து, அந்த வியப்பை வெளியே கொண்டுபோய் டீக்கடையில் வைத்தார்கள். வீடு நீளவில்லை, எங்கேயோ போகிறது என்று முதலில் சொன்னது மண்டியில் எடைபோடும் காசிதான்.

இளையவன் குத்தாலிங்கத்துக்கு மட்டும் வேறு யோசனை ஓடியது. ஒரு கையெழுத்துக்கு ஒரு அறை என்றால், சிமெண்டு இல்லை, கொத்தனார் இல்லை, அனுமதி வாங்க அலைய வேண்டியதில்லை. கதவுகளை எப்படியாவது திறந்துவிட்டால் குற்றால சீசனுக்கு லாட்ஜ் நடத்தலாம். "எப்பா, அந்தக் கடைசிப் பத்தியில ஒரு எழுத்துப் பிழை இருக்கு, இன்னொருதரம் எழுதச் சொல்லுங்க" என்று தகப்பனாரைத் தினமும் மாடிப்படி ஏற்றினான். பதினோரு வரைவு ஆயிற்று, பதினோரு அறை ஆயிற்று. திண்டாடியது நெஞ்சுவலிக்காரர்தான். அடுப்பங்கரையிலிருந்து கடைசிக் கதவுவரை போய்த் திரும்ப அவருக்கு அரைமணி நேரம் பிடித்தது. ஆனாலும் தினமும் போனார். எதற்குப் போகிறீர்கள் என்று யாராவது கேட்டிருந்தால், டாக்டர் நடக்கச் சொன்னார் என்று சொல்லியிருப்பார்.

ஆப்பரேஷனுக்கு மூன்று நாள் இருக்கையில், பன்னிரண்டாவது வரைவுக்குப் போய் உட்கார்ந்த நயினாரிடம் பிரேமகலா பேனாவை மூடிவைத்துவிட்டுச் சொன்னார்.

"அண்ணாச்சி, நான் கேட்டதுக்கு நீங்க சொன்னதைத்தான் இதுவரைக்கும் எழுதினேன். வரைவுதானேன்னு பொறுத்தேன். இதையே பதிவுபண்ணக் கொண்டுபோகணும்னா என்னால முடியாது. இது நிக்காது."

"என் சொத்தை என் இஷ்டப்படி எழுத எனக்கு உரிமை இல்லையா?"

"உண்டு. ஒரு பொட்டுக்கூடக் கொடுக்காம விடலாம், ஒருத்தரும் கேக்க முடியாது. ஆனா கொடுக்கலைன்னா, இன்னாருக்குக் கொடுக்கலைன்னு பேரைச் சொல்லி எழுதணும். பேரையே எழுதலைன்னா நாளைக்கு எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து என்ன சொல்லுவாரு தெரியுமா? பெத்த மகளையே மறந்துபோனவரு எப்படி நல்ல நினைவோட எழுதியிருப்பாருன்னு கேப்பாரு. ஒருத்தரை வெளியே தள்ளணும்னாலும் முதல்ல பேரைச் சொல்லிக் கூப்பிட்டுத்தான் அண்ணாச்சி தள்ளணும்."

நயினார் எதிர்ச்சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "ஒரு மகள்னு போட்டுக்கிடுங்க."

"பேரு?"

"ஒங்களுக்குத் தெரியும்லா. எழுதுங்க."

"எனக்குத் தெரிஞ்சதை எழுத இது என் உயிலா அண்ணாச்சி? நாளைக்குக் கூண்டுல ஏறி, அவுக வாயால சொல்லக் கேட்டேன்னு சத்தியம் பண்ணப்போறவ நானு."

வீட்டுக்கு வந்து கோமுவிடம் சொன்னார். "ஏளா, புதன்கிழமை வக்கீலம்மா வருவா. அந்தப் பேரை நீ சொல்லிரு."

கோமு அரிசி களைந்துகொண்டிருந்தாள். கையை எடுக்கவில்லை. "அது எங்க அத்தை பேரு. மாமியா பேரை நான் என்னிக்கு வாயால சொல்லியிருக்கேன்? அவளைப் பெத்த நாள்லருந்து நான் பாப்பான்னுதான் கூப்பிட்டேன். இந்த வீட்டுல அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டது நீங்க ஒருத்தருதான்."

மகளுக்குத் தன் தாயார் பெயரை வைத்தவர் நயினார். வருஷம் தவறாமல் தாயாருக்குத் திதி கொடுக்கிறவரும் அவர்தான். திதியில் ஐயர் அம்மாவின் பெயரைக் கேட்கும்போதெல்லாம், "தாயாருன்னு சொல்லும், போதும்" என்று பத்தொன்பது வருஷமாகச் சொல்லி வந்திருக்கிறார். மகளைத் தலைமுழுகின அன்று பெற்ற தாயையும் சேர்த்து அருவியில் விட்டுவிட்டு வந்திருக்கிறோம் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. அவர் அழவில்லை. அழுதிருந்தால் தேவலை என்று கோமுவுக்கு இருந்தது.

புதன்கிழமை காலை பத்து மணிக்கு பிரேமகலா காகிதங்களோடும், சாட்சிக் கையெழுத்துக்காகச் சுடலையையும் காசியையும் கூட்டிக்கொண்டும் வந்தார். விடிந்ததிலிருந்து நயினார் கடைசிக் கதவுப் பக்கம்தான் இருக்கிறார் என்று கோமு சொன்னாள். விடிகாலை வெளிச்சத்தைத் தாண்டி, பள்ளிக்கூட வெயிலைத் தாண்டி, மெஷின் சத்தங்களைத் தாண்டி நாலு பேரும் நடந்தார்கள். பேச்சுப் பிரியரான சுடலைகூட அன்று கோயில் பிராகாரத்தில் நடப்பதுபோலக் கைகளைக் கட்டிக்கொண்டு நடந்தார். அவர்களுக்குப் பின்னால் வந்த குத்தாலிங்கம் இரண்டு கதவு தள்ளியே நின்றுவிட்டான். பதினோராவது கதவுக்கு நேரே நாற்காலி போட்டு நயினார் உட்கார்ந்திருந்தார். கதவுக்கு அந்தப் பக்கம் யாரோ கடுகு தாளிக்கிற வாசம் வந்தது.

"எழுதுங்க வக்கீலம்மா" என்றார். சொல்ல வேண்டியதை மூன்று நாளாக நெஞ்சுக்குள் அடுக்கி வைத்திருந்தார். எனக்கு இன்ன பெயரில் ஒரு மகள் உண்டு, அவள் என் விருப்பத்துக்கு மாறாக நடந்தபடியால் என் சொத்தில் அவளுக்கு யாதொரு பாத்தியமும் இல்லை. அவ்வளவுதான், இரண்டு வரி.

"எனக்கு ரெண்டு மகன், ஒரு மகள். மகள் பேரு..."

பேனா நின்றது. நயினாருக்கு வேர்த்தது, கழுத்து நரம்பு புடைத்தது, நெஞ்சுதான் பிடித்துக்கொண்டதோ என்று கோமு முந்தானையால் விசிற ஓடினாள். அவர் கையைக் காட்டி அவளை நிறுத்தினார். கண்ணை மூடினார்.

"ஆவுடையம்மா" என்றார்.

காகிதத்துக்குச் சொல்லுகிற குரலில்தான் சொல்ல நினைத்தார். ஆனால் அந்தப் பெயரை அவர் வாய் ஒரே ஒரு விதத்தில்தான் பழகியிருந்தது. சாயங்காலம் மண்டியிலிருந்து வந்து சைக்கிளை நிறுத்தும்போது தெருவிலிருந்தே வீட்டுக்குள் எறிகிற குரல் அது, கடைசி எழுத்தை இழுத்து, பதிலுக்கு இடம் விட்டுக் கூப்பிடுகிற குரல். அந்தக் குரலில்தான் வந்தது.

தெற்கே, வெகு தூரத்தில், முதல் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. பிறகு இரண்டாவது, மூன்றாவது என்று கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டே அவர்களை நோக்கி வந்தன, இத்தனை நாள் அடியில் மட்டும் கசிந்த வெளிச்சமெல்லாம் நடைகூடத்தில் கொட்டி, ஒரு பெண்பிள்ளை பிறந்து வளர்ந்த அத்தனை காலைகளும் மத்தியானங்களும் ஒரே நேரத்தில் அவர்கள் மேல் விழுந்து, வக்கீலம்மாவின் வெள்ளைச் சேலை ஒரு நிமிஷத்துக்குள் ஏழெட்டு நிறம் மாறியது. காசி இருந்த இடத்திலேயே கன்னத்தில் போட்டுக்கொண்டான். நயினார் கண்ணைத் திறக்கவில்லை.

"இந்தா வாரேம்ப்பா" என்று பதினோராவது கதவுக்குப் பின்னாலிருந்து பதில் வந்தது. கதவு திறந்தது.

அந்தப் பக்கம் இருந்தது திருப்பூர். சின்ன அடுப்பங்கரை, ஜன்னலுக்கு வெளியே பனியன் கம்பெனியின் தகரக்கூரை, கேஸ் அடுப்பில் வாணலி. நைட்டியின் மேல் துண்டைப் போட்டுக்கொண்டு நாற்பது வயதுப் பெண் ஒருத்தி கரண்டியோடு திரும்பி நின்றாள். கூப்பிட்ட குரலுக்கு வாய்தான் பழக்கத்தில் பதில் சொல்லிவிட்டது, யார் கூப்பிட்டது என்பது இப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. முகம் வெளுத்தது, பிறகு சிவந்தது. அடுப்பை அணைத்தாள்.

கோமு யாருக்காகவும் காத்திருக்கவில்லை. நாற்காலியைச் சுற்றிக்கொண்டு, நிலையைத் தாண்டி, நேரே போய் மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள்.

நயினார் எழுந்து நிலைக்கு இந்தப் பக்கமே நின்றார். ஆவுடையம்மாள் அவரையும் அவருக்குப் பின்னால் காகிதத்தோடு நின்ற பிரேமகலாவையும் பார்த்தாள். "அது என்ன எழுதுதீங்க?"

"உயில்மா" என்றார் பிரேமகலா. "ஒரு மகள், மகள் பேரு ஆவுடையம்மாங்கிற வரைக்கும் ஒங்கப்பா சொல்லியிருக்காங்க. மிச்சம் இன்னும் சொல்லல."

எல்லோரும் நயினாரைப் பார்த்தார்கள். அவர் அடுக்கி வைத்திருந்த அந்த இரண்டாவது வரி நெஞ்சில் அப்படியே இருந்தது, சொன்னால் வந்துவிடும். "வேற நெனச்சு வச்சிருந்தேன் தாயி" என்றார். "ஒன் முகத்தைப் பாத்துக்கிட்டு அதைச் சொல்ல மாட்டேன். நாளைக்கு எனக்கு நெஞ்சைக் கீறப்போறாங்க. எனக்குப் பயமா இருக்கு." பிறகு, ஆயுசில் யாரிடமும் அனுமதி கேட்டுப் பழகாதவர், கேட்டார். "உள்ள வரலாமா?"

அவள் தாயின் கையைத் தோளிலிருந்து எடுக்காமலேயே சொன்னாள். "இது எங்க வீட்டுக்காரரு கட்டின வீடு. பத்து வருசம் நைட் ஷிப்ட் பாத்துக் கட்டினது. அவருக்கும் ஒரு பேரு இருக்குப்பா. அதைச் சொல்லிக் கேளுங்க."

நயினார் வாயைத் திறந்தார். ரேடியோ செட்காரன் மகன் என்பதற்கு மேல் அவருக்கு எதுவும் தெரியாது. பத்தொன்பது வருஷமாகச் சபித்துவந்த ஒரு மனுஷனுக்குப் பெயர் என்ன என்று ஒருநாளும் கேட்டதில்லை. வெட்கத்தில் அவருக்குத் தலை தானாகக் குனிந்தது. பின்னால் சாட்சிகள் நிற்கிறார்கள், இளையவன் பார்த்துக்கொண்டிருக்கிறான், ஊருக்கே சாயங்காலத்துக்குள் தெரிந்துவிடும்.

"மாப்பிள்ளை பேரு என்னம்மா?" என்று கேட்டார்.

"ஜெயபாலன்."

"ஜெயபாலன் வீட்டுக்குள்ள நான் வரலாமா, ஆவுடையம்மா?"

அவள் வாணலியை இறக்கி வைத்தாள், மேடையைத் துடைத்தாள், துண்டில் கையையும் கண்ணையும் துடைத்தாள். அவ்வளவு நேரமும் நயினார் நின்றுகொண்டே இருந்தார்.

"வாங்கப்பா" என்றாள்.

அன்று மத்தியானமே உயில் பதிவாயிற்று. வீட்டையும் மண்டியையும் மூன்று பேருக்கும் பொதுவாக எழுதியிருந்தார். நாற்பது வயதுக்காரியோடு புதிதாகப் பங்கு பிரிக்க வேண்டியிருக்கிறதே என்று குத்தாலிங்கத்துக்கு வருத்தம்தான், ஆனால் அக்காள் போட்ட காபியைக் குடித்துக்கொண்டு அதைச் சொல்ல அவனால் முடியவில்லை. சொத்து விவரத்தில் மூன்று எல்லைகள் பழையபடியே இருந்தன. நான்காவதை நயினார் தானே சொல்ல, பிரேமகலா ஒரு சொல்லும் கூட்டாமல் குறைக்காமல் எழுதியிருந்தார். சார்பதிவாளர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அந்த வரியை இரண்டு தடவை படித்தார். ஒன்றும் கேட்காமல் முத்திரையைக் குத்தினார். 'வடக்கே, என் மருமகன் ஜெயபாலன், மகள் ஆவுடையம்மாள் இவர்கள் வீட்டு அடுப்பங்கரை' என்று அதில் இருந்தது.